வாய்ப்புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்: வன்னிக் குடும்பங்களுக்கான பராமரிப்பு வழிகாட்டி

வாய்ப்புற்றுநோய் என்று உறுதியான பிறகு சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை வீட்டார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே எங்கள் பகுதியில் வழமையாக நடக்கிறது. உறவினர் வந்து பார்த்துப் போவார்கள், நேர்த்தி வைப்பார்கள், நோயாளி ஒரு மூலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார். என் சிறிய தந்தைக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்று இருப்பது தெரிந்தபோது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 25 நாட்கள் கழித்து அவரை விடுதியில் சேர்க்கக் கொண்டுபோனபோது 6 கிலோ மெலிந்திருந்தார். முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று சொல்லித் திகதியைத் தள்ளிப் போட்டார்கள். குற்றம் வைத்தியருடையதன்று, எங்களுடையது. கத்தி வைப்பதற்கு முந்திய அந்த நாட்களும் சிகிச்சையின் பகுதிதான் என்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட மாதங்களிலும், பின்னர் வேறு குடும்பங்களுக்குத் துணையாகக் கிளினிக்குகளுக்குப் போய்வந்தபோதும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் நோயாளியைப் பார்க்கும் வைத்தியரோ தாதியரோ இதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால், அவர்கள் சொன்னதையே செய்ய வேண்டும்.

முதல் கிளினிக்: சொல்ல வேண்டியவையும் கேட்க வேண்டியவையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எங்கே காட்டினாலும், எல்லோரும் ஓ.எம்.எப். கிளினிக் என்று சொல்லும் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவுக்கே நோயாளி இறுதியில் அனுப்பப்படுவார். பெரிய சத்திரசிகிச்சையாக இருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, கதிர்ச்சிகிச்சையும் சேர்ந்து தேவைப்பட்டால் தெல்லிப்பழை அல்லது மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போக நேரிடும். ஆகவே கிளினிக் கொப்பி, சதைத்துண்டு எடுத்துச் சோதித்த அறிக்கை, ஸ்கான் படங்கள், எடுக்கும் மருந்துகளின் அட்டைகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் போட்டு, மழை நனைக்காத பையில் வைத்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பையோடு மட்டுமே போக வேண்டும். ஒரு அறிக்கையை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்கு வந்து ஏ-9 வீதியைப் பிடித்துப் போன ஒரு முழு நாள் வீணாகிவிடும்.

சொல்லத் தயங்கக்கூடாத விடயங்கள் சில உள்ளன. நோயாளி புகைப்பவரா, புகையிலை சேர்த்து வெற்றிலை போடுபவரா, ஒரு நாளைக்கு எவ்வளவு கள்ளு அல்லது கசிப்பு குடிப்பவர் என்பதை, மனைவி பிள்ளைகள் பக்கத்தில் இருந்தாலும், உள்ளபடியே சொல்ல வேண்டும். நாளாந்தம் அதிகமாகக் குடித்துவந்தவர் விடுதியில் திடீரென்று குடி இல்லாமல் போகும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, மனம் குழம்பி, இல்லாததைக் கண்டு பயந்து, குழாய்களைப் பிடுங்கி எறியும் நிலைக்கு வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. முன்கூட்டித் தெரிந்தால் வைத்தியர்கள் மருந்து கொடுத்து அதைத் தடுத்துவிடுவார்கள். அதிகம் குடிப்பவர் வீட்டிலும் தானாக ஒரே நாளில் நிறுத்திவிடாமல், வைத்தியரிடம் சொல்லி அவர் காட்டும் வழியில் நிறுத்துவதே பாதுகாப்பானது. இரத்தத்தை இளக்கும் மருந்து, அஸ்பிரின், நீரிழிவு மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை ஆகியவற்றையும் இதேபோல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று வன்னியில் உள்ளவர்கள் கட்டாயமாகச் சொல்ல வேண்டியது. 2009 வரையான யுத்தத்தில் காயப்பட்டு, உடம்பில் இன்னமும் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் எங்களிடையே ஏராளம். பல வருடங்கள் பழகிப்போனதால் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் மிக வலிய காந்தத்தால் இயங்குவது. கண்ணுக்குள்ளோ மூளைக்கு அருகிலோ நாளங்களுக்குப் பக்கத்திலோ உலோகத் துண்டு இருந்தால் அது அசைந்து பெருங்கேடு செய்யலாம். அதேபோல், வாயில் வெட்டி எடுத்த இடத்தை மூடுவதற்கு முன்கையிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ தொடையிலிருந்தோ தசையையும் தோலையும், தாடை எலும்புக்குப் பதிலாகக் கீழ்க்காலிலிருந்து எலும்பையும் எடுப்பார்கள். அந்தக் கையிலோ காலிலோ பழைய காயம், நரம்புச் சேதம், முன்பு செய்த சத்திரசிகிச்சை இருந்தால் திட்டமே மாற வேண்டியிருக்கும். மறைந்துபோன தழும்பாக இருந்தாலும் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். எந்தக் கையிலிருந்து தசை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ வருபவரிடம் அதை நினைவுபடுத்துவதும் துணைக்கு நிற்பவரின் வேலை.

கேட்க வேண்டிய கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது. நாக்கில் எவ்வளவு, தாடையில் எவ்வளவு எடுக்கப்படும். பேச்சும் விழுங்குதலும் எந்த அளவுக்கு மாறும். தொண்டையில் மூச்சுக் குழாய் வைக்கப்படுமா. எத்தனை நாள் விடுதியில் இருக்க வேண்டும். பின்னர் கதிர்ச்சிகிச்சை வருமா. இரவில் யார் துணைக்கு நிற்கலாம். ஆண்கள் விடுதியில் இரவில் பெண்கள் நிற்க இடமில்லாத வைத்தியசாலைகள் உண்டு. வீட்டுக்கு ஒரு ஆண் துணையும் இல்லாமல் பெண்ணே குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் வன்னியில் பல இருப்பதால், உறவிலோ அயலிலோ ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட வேண்டும்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சு ஊரில் இன்னமும் இருக்கிறது. அது உண்மையன்று. சத்திரசிகிச்சையைத் தள்ளித் தள்ளிப் போடும்போதுதான் புற்று கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவுகிறது. வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும், மடுத் திருவிழா முடியட்டும், காலபோக வெட்டு முடியட்டும் என்று கிடைத்த திகதியைக் கைவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அம்மனும் மாதாவும் அடுத்த வருடமும் அங்கேயே இருப்பார்கள். வயலை அயலவர் பார்த்துக்கொள்ளலாம்.

வெற்றிலை, பல், வாய் திறப்பு

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் நோய் தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும். புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கைப் போடலாம் என்று நினைப்பவர்கள் பலர். பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்குவது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை அந்த வகையிலேயே சேர்த்திருக்கிறது. சுருட்டும் பீடியும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், புதிதாக ஒட்டிவைத்த தசைக்கு இரத்தம் போகாமல் அது கருகிப்போகும் ஆபத்தை அதிகரிக்கின்றன. நான்கு கிழமை முன்னதாக நிறுத்தினால் நன்று. நான்கு நாள்தான் இருக்கிறது என்றாலும் நிறுத்துவதில் பயன் உண்டு. வீட்டில் வெற்றிலைத் தட்டம் கண்முன்னே இருக்கும்போது நோயாளியால் மட்டும் நிறுத்த முடியாது. எங்கள் வீட்டில் அம்மம்மாவே தன்னுடைய தட்டத்தைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் சிறிய தந்தையின் கை அங்குமிங்கும் தேடுவது நின்றது.

பற்களை இப்போதே காட்ட வேண்டும். பின்னர் கதிர்ச்சிகிச்சை வரக்கூடுமானால், காப்பாற்ற முடியாத சூத்தைப் பற்களைக் கதிர் தொடங்குவதற்குக் குறைந்தது 10 முதல் 14 நாட்களுக்கு முன் பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் உக்கிப்போகும் நிலை வரலாம். சில வேளைகளில் சத்திரசிகிச்சை மேசையிலேயே பற்களையும் எடுத்துவிடுவார்கள். அது நிபுணரின் தீர்மானம்.

நீண்ட காலம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் இறுகி வாய் திறப்பது குறைந்திருக்கும். நோயாளியின் சொந்த விரல்கள் மூன்றை நிமிர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பார்த்தால் அளவு தெரியும். மூன்று விரல் போனால் போதுமானது, இரண்டும் போகாவிட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் மயக்க மருந்து கொடுப்பவர் மூச்சுக் குழாய் செலுத்தும் முறையை அதற்கேற்ப மாற்றுவார்.

உண்ண முடிந்தபோதே உண்ண வைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விடயத்தைத்தான் நினைவில் வைக்கலாம் என்றால், இதையே வைத்திருக்கச் சொல்வேன். ஆறு மாதத்துக்குள் தன் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவருக்குக் காயம் ஆறுவது பிந்தும், கிருமி தொற்றுவதும் அதிகம். கிழமைக்கு ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுத வேண்டும். பக்கத்தில் மருத்துவ நிலையம் இல்லாவிட்டால் ஆலையில் நெல் நிறுக்கும் தராசாவது போதும்.

பொதுவாக நிறையின் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டும் என்று கொள்வார்கள். 50 கிலோ உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 1500 கலோரியும் குறைந்தது 60 கிராம் புரதமும் ஆகும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு, ஒரு பெரிய தம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், முள் நீக்கிய 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, ஒரு கோப்பை அவித்த பயறில் 14 கிராம் அளவு புரதம் இருக்கிறது. அப்படியென்றால் நாளைக்கு மூன்று முட்டை, இரண்டு தம்ளர் பால், 100 கிராம் மீன், ஒரு கோப்பை பயறு என்று ஒழுங்கு செய்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் குறைவில்லை. அவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, வைத்தியர் சொல்லும் அளவே வேண்டும்.

புண் உள்ள வாய்க்குப் புட்டும் பாண் ஓரமும் குத்தும், மிளகாயும் புளியும் எரிக்கும். குழைய வடித்த சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றி, தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்க வைத்த கஞ்சி, உழுத்தங்கஞ்சி, சொதியில் ஊறி மென்மையான இடியப்பம், தயிரும் கதலி வாழைப்பழமும் மசித்தது ஆகியவை வயிற்றையும் நிரப்பும், நோவையும் குறைக்கும். ஒடியற்கூழை மிளகாயும் பழப்புளியும் இல்லாமல் காய்ச்சினால் எங்கள் கிழவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் கூழில் போடும் மீனை விரலால் பிசைந்து முள் பார்த்து, பிறகு வடியில் தேய்த்து எடுக்க வேண்டும்.  

காயத்துக்குக் கிரந்தி என்று சொல்லி முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்துவது எங்கள் வீடுகளில் அன்பால் செய்யப்படும் பெருந்தவறு. காயம் ஆறுவதற்கு உடம்பு கேட்பது இந்த உணவுகளையே. குறிப்பிட்ட ஒரு உணவால் நோயாளிக்கு உண்மையில் ஒவ்வாமை இருந்தால் மட்டும் அதை விலக்கலாம். வெள்ளிக்கிழமை விரதத்தையும் இந்தக் காலத்தில் வேறொருவர் ஏற்றுப் பிடிக்கலாம்.

பேச முடிந்தபோதே பேசிவைத்தல்

சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு, தொண்டையில் குழாய் இருந்தால் அதற்கும் மேலாக, நோயாளிக்குக் குரல் இராது. விழித்தெழும்போது பேச வாயைத் திறந்து ஒன்றும் வராமல் போவதுதான் அவரைக் கலங்கடிக்கும் கணம். எழுதத் தெரிந்தவர் என்றால் ஒரு கொப்பியும் பேனையும், படுத்துக்கொண்டே எழுதத் தோதான சிலேற்றும் போதும். எழுத்து வராதவர்களுக்கு நாங்கள் ஒரு மட்டையில் எட்டுப் படம் வரைந்தோம்: தண்ணீர், நோ, மூச்சு முட்டுதல், சலம், குளிர், வெக்கை, தாதி, மகள். ஒவ்வொன்றையும் அவர் தொட்டுக் காட்டும்படி வீட்டுத் திண்ணையில் இருந்து மூன்று பின்னேரம் பழகினோம். சிறிய தந்தை சிரித்துக்கொண்டுதான் பழகினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் இரவு அவர் "மூச்சு முட்டுதல்" படத்தை இரண்டு தரம் தட்டினார். தாதி உடனே வந்து குழாயில் அடைத்திருந்த சளியை உறிஞ்சி எடுத்தார். அந்த மட்டையை இப்போதும் வைத்திருக்கிறோம். கட்டில் கம்பியில் கட்டிய ஒரு சிறு மணி, ஆம் என்பதற்குக் கண்ணை ஒருதரம் மூடுவது, இல்லை என்பதற்கு இருதரம் மூடுவது ஆகியவற்றையும் முன்பே பேசிவைக்கலாம்.

முகம் மாறப்போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. வைத்தியர் சொன்னதை வீட்டார் ஒளித்து, நோயாளி விடுதிக் கண்ணாடியில் முதன்முதலாகக் காண்பது மிகக் கொடுமை. பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்றபடி சொல்ல வேண்டும்.

விடுதியில் முதல் நாட்கள்

மூக்கில் உணவுக் குழாய், கழுத்தில் நீர் வடியும் குழாய், கையில் சேலைன், சலக் குழாய், சில வேளை தொண்டையில் மூச்சுக் குழாய் என்று பல குழாய்களுடன் அவரைக் காண்பீர்கள், முகமும் வீங்கியிருக்கும். இவை எதிர்பார்க்கப்பட்டவையே. ஒட்டிய தசையின் நிறத்தையும் சூட்டையும் தாதியர் முதல் நாட்களில் மணிக்கு மணி பார்ப்பார்கள். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி நூலோ துணியோ சங்கிலியோ இறுகக் கட்டக் கூடாது, ஏனெனில் ஒட்டிய தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்து வழியாகத்தான் ஓடுகிறது. கோயிலில் இருந்து கொண்டுவந்த நூலைக் கட்டிலில் கட்டலாம். தசை வெளிறினாலோ, நீலம் அல்லது கருமை படர்ந்தாலோ, கழுத்து திடீரென்று வீங்கினாலோ விடிய விட்டுச் சொல்வோம் என்று இருக்காமல் அந்த நிமிடமே தாதியிடம் சொல்ல வேண்டும்.

நாக்கு வறள்கிறது என்று அவர் கெஞ்சினாலும், விழுங்கலாம் என்று வைத்தியர் சொல்லும்வரை ஒரு துளி தண்ணீரும் வாயால் கொடுக்கக் கூடாது. உதட்டை நனைத்த பஞ்சால் துடைப்பதற்கும் தாதியைக் கேட்டே செய்ய வேண்டும். யுத்த காலத்தைக் கண்டவர்கள் இயந்திரச் சத்தத்திலும் வெளிச்சத்திலும் இரவில் விழித்துப் பழைய இடத்தில் இருப்பதாக நினைத்துப் பதறலாம். கையைப் பிடித்து, இன்றைய திகதியையும் எந்த வைத்தியசாலை என்பதையும் மெல்ல மெல்லச் சொன்னால் அமைதியடைவார்கள். அப்படியும் குழப்பம் தீராவிட்டால் மருந்து தேவைப்படலாம்.

மூக்குக் குழாயால் உணவு

பலர் மூக்குக் குழாயுடனேயே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். போகும் நாளுக்கு முன் தாதியின் கண்முன்னே குறைந்தது மூன்று தரமாவது நீங்களே உணவு கொடுத்துப் பழகிவிட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பதால் இது வராது.

ஒவ்வொரு முறையும் முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குழாய் மூக்கு வாசலில் இருக்க வேண்டிய அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஒன்றும் ஊற்றக் கூடாது. நோயாளி நிமிர்ந்து இருக்க வேண்டும், இயலாவிட்டால் தலையணைகளை அடுக்கி நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். பெரிய சிறிஞ்சின் தண்டைக் கழற்றி, அதன் குழலைக் குழாயில் பொருத்தி, முதலில் 30 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீரையும், பிறகு 200 முதல் 250 மில்லிலீற்றர் உணவையும், கடைசியில் மீண்டும் 30 மில்லிலீற்றர் தண்ணீரையும் விட வேண்டும். உணவு தன் பாட்டில் இறங்க வேண்டும். தண்டை வைத்து அமுக்கக் கூடாது. 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும், பொறுமை வேண்டும். இருமல் எழுந்தாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட வேண்டும். முடிந்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க விடக் கூடாது. இரண்டரை அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை என்று ஒரு நாளைக்கு ஆறு அல்லது ஏழு வேளை கொடுத்தால் தேவை நிறையும்.

பால், அவித்த பருப்பு, நன்றாக அவித்த முட்டை, குழைந்த சோறு, சிறிது தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை அரைத்து மெல்லிய துணியில் வடித்துக் கொடுக்கலாம். பச்சை முட்டை வேண்டாம். வன்னி வெயிலில் அரைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் அதைக் கொட்டிவிடுவதே நல்லது, பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பதால் மருந்து கொடுப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சலம் மஞ்சள் கடுத்து வந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். குழாய் கழன்றுவிட்டால் வீட்டில் திருப்பிச் செருக முயலாமல், கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாயும் காயமும்

வாய் சுத்தம் சத்திரசிகிச்சை நிபுணர் அனுமதித்த நாளிலிருந்து தொடங்கும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, உணவுக்குப் பிறகும் படுக்க முன்னும் மெதுவாகக் கொப்பளித்துத் துப்பலாம். அந்தத் தண்ணீரை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். எரிக்கும் சாராய வகை வாய்க்கழுவிகள் கூடாது. பற்களை மிருதுவான பிரஷால் துலக்கலாம், தையல் மேல் படாமல்.

கழுத்துத் தையல் வழமையாக 7 முதல் 10 நாட்களில் வெட்டப்படும். மஞ்சளோ எண்ணெயோ பச்சிலையோ பூச வேண்டாம். சிவந்து சூடாகி வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, எச்சில் போன்ற நீர் கழுத்துக் காயத்தால் கசிந்தாலோ அன்றே காட்ட வேண்டும். வாயிலிருந்தோ கழுத்திலிருந்தோ செக்கச் சிவந்த இரத்தம் பாய்ந்தால், நோயாளியை நிமிர்த்தி முன்பக்கம் சாய்த்து இருத்தி, கைக்கு எட்டும் இடமாயின் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, விடாமல் அழுத்தியபடி 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது இலவசம். வீட்டுக்கு வரும் ஒழுங்கையைச் சொல்லத் தெரிந்த ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்துங்கள். உள்ளே உள்ள கிராமங்களில் நேரம் போவது அங்கேதான்.

தொண்டைக் குழாயைப் பெரும்பாலும் வீட்டுக்குப் போக முன் எடுத்துவிடுவார்கள். அந்தத் துளை முற்றாக மூடும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் இறங்கக் கூடாது. கிணற்றடியில் தலையில் வாளி கவிழ்த்துக் குளிக்கவும் கூடாது, துளை வழியாகத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். சூடடிப்பு நடக்கும் வளவுக்கும் செம்மண் புழுதி பறக்கும் வீதிக்கும் போகும்போது ஈரமான மெல்லிய துணியால் துளையை மறைத்திருக்க வேண்டும்.

வாயால் உண்ணத் தொடங்குதல், தோள்

விழுங்கலாம் என்று சொன்ன பிறகும் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் இருந்தால் அவரிடம் காட்டித் தொடங்குவது சிறந்தது. வெறும் தண்ணீரே பலருக்கு மிகக் கடினம், அது சரேலென்று ஓடிவிடும். கொஞ்சம் தடித்த கஞ்சி அல்லது தயிர் இலகு. நிமிர்ந்து இருந்து, அரைத் தேக்கரண்டி, ஒரு வாய் முழுவதும் இறங்கிய பிறகு அடுத்தது, இடையில் பேச்சில்லை. சாப்பிடும்போது இருமுவதும், பிறகு குரல் நனைந்ததுபோல் கரகரப்பதும் உணவு தவறான வழியில் போவதன் அடையாளங்கள். உதடு மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது; தேத்தண்ணியைக் கொடுப்பவர் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். உண்ணும்போது வழியும் என்று வெட்கப்பட்டு அவர் தனியே போய் இருப்பார். ஒரு துவாயைப் பக்கத்தில் வைத்து, எல்லோரோடும் ஒரே பாயில் இருத்துங்கள்.

கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளை உயர்த்தும் நரம்பு களைத்துப்போகலாம். அப்போது கை தலைக்கு மேல் எழாது, தோள் இறங்கும். இருக்கும்போது கைக்குக் கீழ் ஒரு தலையணை வைக்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏறி, எட்டிய உயரத்தைக் கரியால் கோடிட்டு, நாளுக்கு நாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பழக வேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, நெல் மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது ஆகியவை நிபுணர் சொல்லும்வரை இல்லை. வாய் திறக்கும் பயிற்சியும் இப்படியே: ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைத்து, நோகாமல் இழுக்கும் அளவில் பிடித்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டலாம்.

கதிர்ச்சிகிச்சை, நோவு, மனம்

கதிர்ச்சிகிச்சை தேவையானால் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமைக்குள் தொடங்குவது நல்லது. வழமையாகக் கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஆறு கிழமை நடக்கும். முல்லைத்தீவிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ நாளாந்தம் போய்வர முடியாது, ஆகவே தங்குமிடத்தை முன்பே விசாரிக்க வேண்டும். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, கிடைக்கக்கூடிய உதவிப் பணத்துக்கு நோய் உறுதியான உடனேயே விண்ணப்பியுங்கள். கதிர் படும் தோலில் எண்ணெயும் பவுடரும் பூசாதீர்கள், பிளேட்டால் மழிக்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் கிழமையில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும். இடையில் நிறுத்தினால் பயன் குறையும் என்பதால் புண்ணுக்கு மருந்து கேட்டு வாங்கித் தொடர வேண்டும்.

நோவு மருந்தை நோ வந்த பிறகு கொடுப்பதிலும் பார்க்க, எழுதித் தந்த நேரத்துக்கு நேரம் கொடுப்பதே நோயாளியை உண்ணவும் உறங்கவும் வைக்கும். மோர்பின் எழுதினால் இனி முடிந்தது என்று வீட்டார் அழத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது நோவுக்கான மருந்து, சாவுக்கான அறிவிப்பு என்று எண்ண வேண்டாம். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக ஒருவரோடும் சேராமல், உறங்காமல், வாழ்ந்து என்ன என்று பேசினால், கிளினிக்கில் அதையும் நோவைப் போலவே சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன.

தொடர் கிளினிக்

முதல் வருடத்தில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடத்தில் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் வருடம்வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை என்பதே பொதுவான ஒழுங்கு. காயம் ஆறி, வயலுக்கும் போகத் தொடங்கிய பிறகுதான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புற்று திரும்பி வருவதும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் அதிகம். இடையில், மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கண்ணாடியோடு இருத்தி, கன்னத்தின் இருபுறம், நாக்கின் அடி, முரசு, அண்ணம், கழுத்து ஆகியவற்றை வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டு கிழமையில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, புதிய தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த கிளினிக் திகதி எப்போது என்று பார்க்காமல், அந்தக் கிழமையே கோப்பையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். பார்ப்பவர் அதே வெளிச்சத்தில் தன் வாயையும், வீட்டில் வெற்றிலை போட்டுவந்த மற்றவர்களின் வாயையும் பார்த்துவிடட்டும்.